கஞ்சி நேரம்

அன்புள்ள அமலா,

உயிர்ப்பு ஞாயிறுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி மாதத்தில் பதில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்துவந்து பதினொரு வாரமாகிறது. பேச்சு தெளிந்துவருகிறது; விழுங்குவதுதான் இன்னும் சிரமம். பிள்ளைகள் முறைவைத்து வந்துபோகிறார்கள்.

இத்தனை வாரமும் என் செபம் அடியோடு நின்றுபோனதைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும். செபமாலையைக் கையில் எடுத்தால் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவதை முடிப்பதற்குள் கண் செருகிவிடுகிறது. 1991இல் நாம் தண்ணீர்ப்பள்ளி சாந்திவன ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது, விடியலில் காவிரிக் கரையில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்து ஏங்கினேன். (நீ எறும்புக்குப் பயந்து பாதியில் எழுந்து ஓடியதையும் மறக்கவில்லை.) அந்த அமைதிக்கு இந்த வீட்டில் இடமே இல்லையென்று ஒரு இரவு அழுதுகூட விட்டேன்.

அப்போதுதான் நம் விடுதி நாட்களில் சிஸ்டர் ஓயாமல் சொல்லிய துறவி, சகோதரர் லாரன்ஸ் நினைவுக்கு வந்தார். 1640இல் பாரிஸின் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவருக்குச் சமையலறை வேலை இயல்பாகவே பிடிக்காது; ஆனாலும் பதினைந்து ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். போரில் காயம்பட்ட காலோடு மடத்துக்குத் திராட்சை மது வாங்கப் போனபோது, படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தாராம். அதுவும் கடவுளின் வேலைதான் என்று அவர் நம்பியதை விடுதியில் கேட்டோம். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நொய்க்கஞ்சியை அரைக்கரண்டி அவர் வாயில் வைத்துவிட்டு, தொண்டை மேலேறி இறங்கும்வரை நான் காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். முதலில் அந்த இடைவெளிகளில் அடுத்த வேலையையே எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் "ஆண்டவரே, இதோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அந்தத் தொண்டையையே பார்த்திருக்கிறேன். மருமகள் கைப்பேசியில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி ஒன்றைப் போட்டுத்தந்தாள்; கை நடுக்கம் தணிய அது உதவியது, குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதில் நான் என்னையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். இதிலோ எதிரே ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பின்னால் இன்னொருவரும் இருக்கிறார்.

நேற்று அவர் கஞ்சியைத் துப்பியதும் கத்திவிட்டேன். லாரன்ஸ் தவறும்போதெல்லாம், நீர் என்னைத் தனியே விட்டால் நான் இப்படித்தான் செய்வேன் என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டு, அதையே நினைத்து மருகாமல் மேற்கொண்டு நடப்பாராம். முதல் பத்தாண்டுகள் அவரும் மிகவும் துன்பப்பட்டிருக்கிறார். எனக்கோ பதினொரு வாரம்தான் ஆகிறது. கிண்ணத்தைக் கழுவி, புதிதாகக் கஞ்சி ஆற்றி எடுத்துவந்தேன். அவர் வாயைத் திறந்தார்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாயே, காலை ஏழு மணிக்கு வந்துவிடு. அதுதான் கஞ்சி நேரம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு வைக்கிறேன். முடியும்வரை நாம் பேசவேண்டாம்.

அன்புடன்,
உன் தோழி