ஒற்றையாள் வரிசை

ரெவல்ஸ்டோக், பிரிட்டிஷ் கொலம்பியா
பிப்ரவரி 6, வியாழன் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. வேலை முடிந்து வந்ததும் எடுத்துப் படிப்பேன். பதில் எழுத உட்காருவேன். அப்படியே கண் சொருகிவிடும். "உயிரோடு இருக்கிறாய் என்றாவது இரண்டு வரி எழுது" என்று முடித்திருந்தாயே, அது நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது. போனில்தான் பேசுகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனில் என்ன பேசுகிறோம்? நீங்கள் அந்தி விளக்கு வைக்கும்போது இங்கே இன்னும் விடிந்திருக்காது. பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறேன். அம்மாவுக்கோ காது சரியாகக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். அதற்குள் யாராவது வாசலில் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

நீ எழுதிக் கேட்ட விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இன்றைய நாளைச் சொல்லிவிட வேண்டும். "அந்தப் பனிமலையில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் அல்லவா? இதை அவளுக்குப் படித்துக் காட்டு. நடுவில் நான் விழுந்த இடம் ஒன்று வரும், அதை மட்டும் விட்டுவிடு.

பக்கத்து வீட்டு ரயில்வே தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கொல்லையில் ஒரு வெள்ளைப் பலகையைப் போட்டு, அதன் நடுவில் ஓர் அளவுகோலை நட்டு வைத்திருக்கிறார். தினமும் விடியற்காலையில், தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்து, இரவில் எவ்வளவு பனி விழுந்தது என்று பார்ப்பார், நோட்டில் எழுதுவார், பலகையைத் துடைத்துவிட்டுப் போவார். நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்திலிருந்து, போகிற போக்கில் என் ஜன்னலைத் தட்டி அந்த எண்ணையும் சொல்லிவிட்டுப் போகிறார். நான்கு, பதினொன்று, இரண்டு என்று வெறும் எண்தான். காலை வணக்கம்கூடக் கிடையாது. இன்று தட்டிய தட்டில் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று எழுந்து உட்கார்ந்தேன். "முப்பத்தொன்பது!" என்றார். ஓர் இரவில் முப்பத்தொன்பது சென்டிமீட்டர், அக்கா.

இந்த ஊரின் பனி எல்லாப் பனியையும் போன்றதல்ல. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வழியிலுள்ள மலைகளில் பாதியைக் கொட்டிவிட்டு, குளிர்ந்து உலர்ந்து இங்கே வந்து சேருகிறது. அதனால் இங்கே விழும் பனி லேசாக இருக்கும், கையில் அள்ளிப் பிடித்தாலும் உருண்டை பிடிக்க வராது. அதில் முக்காலுக்கும் மேல் காற்றுதான். பவுடர் என்கிறார்கள். அம்மா பச்சரிசி இடித்து மெல்லிய சல்லடையில் சலிப்பாளே, அந்த மாவை ஒரு மலை முழுக்கக் கொட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். பக்கத்திலேயே கோப்லாண்ட் என்று ஒரு மலை இருக்கிறது. 1971-72 குளிர்காலத்தில் அங்கே 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. கனடாவில் அதை மிஞ்சிய குளிர்காலம் இன்னும் வரவில்லை. நம் வீட்டுத் தென்னை நின்ற இடம் தெரியாமல் மூடிப்போயிருக்கும்.

நான் பனிச்சறுக்குக்குக் கிளம்பும்போதே மலையில் வெடிச்சத்தம் கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை. புதுப்பனி பாரம் தாங்காமல் மொத்தமாகச் சரிந்து ஆட்கள்மேல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, யாரும் ஏறுவதற்கு முன் மலைக்காவலர்களே வெடிவைத்து அதை இறக்கிவிடுகிறார்கள். கிழக்கே ரோஜர்ஸ் கணவாய் நெடுஞ்சாலையில் ராணுவமே பீரங்கியால் சுட்டுப் பனியை இறக்குகிறது. அந்தக் கணவாயில் 1910 மார்ச் 4ஆம் தேதி இரவு, தண்டவாளத்தை மூடிய சரிவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. 58 பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எனக்கு இதைச் சொன்னது தாத்தாதான். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அவர்கள் வீட்டுக்குச் சேதி போய்ச் சேர எத்தனை நாளானதோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

என் பனிச்சறுக்குப் பலகைகள் தாத்தாவின் மகனுடையவை. மகன் வேறு ஊருக்குப் போய்விட்டார். "சும்மாதானே கிடக்கின்றன" என்று கொடுத்தார். பவுடருக்கு ஏற்ற அகலமான பலகைகள், நன்றாகவே இருக்கின்றன. மலையிலுள்ள உணவகத்தில் வேலை செய்வதால் எனக்கு சீசன் பாஸ் உண்டு, டிக்கெட் செலவும் இல்லை. மேலே விற்கும் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ரொட்டியும் அவித்த முட்டையும் சட்டைப் பையில் கொண்டுபோய்விடுவேன். உடம்புச் சூட்டில் முட்டை உறையாமல் இருக்கும்.

கம்பிவடத்தில் ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடத் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். பனிச்சறுக்குக்காரர்களிடையே ஒரு பேச்சு வழக்கு உண்டு: பவுடர் நாளில் நண்பன் கிடையாது. முதல் ஆளாகப் போய்ப் புதுப்பனியில் தடம் போட வேண்டும் என்ற வேகத்தில் யாரும் யாருக்காகவும் நிற்கமாட்டார்கள் என்று பொருள். முதலில் கோண்டோலா என்ற கூண்டில் ஏறி, பிறகு நாற்காலி லிஃப்டில் மாற வேண்டும். நாற்காலிக்கு நான்கு பேர். குடும்பமாக வருகிறவர்களுக்கு ஒரு வரிசை. தனியாக வருகிறவர்களுக்கு ஓரமாக இன்னொரு வரிசை. மூன்று பேராக யாராவது வந்தால், நான்காவது இடத்துக்கு எங்கள் வரிசையிலிருந்து ஒருவரை அழைப்பார்கள். இந்த ஒற்றையாள் வரிசை வேகமாக நகரும். மூன்று குளிர்காலமாக நான் இதில்தான் நிற்கிறேன்.

ஒருவிதத்தில் அது நல்லது, அக்கா. யாரோ ஒரு குடும்பத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் மேலே போகிறேன். இன்று ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். சின்னவன் கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் குளிர்கிறது என்று அழ ஆரம்பித்தான். அந்த அம்மா தன் கையுறைக்குள் அவன் கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, "நீங்கள் யாரோடு வந்திருக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். நண்பர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அடிவாரத்திலிருந்து லிஃப்ட் முடியும் இடம் வரை 1,713 மீட்டர் செங்குத்து இறக்கம். வட அமெரிக்காவில் உயரக் கணக்கில் இவ்வளவு இறங்கும் பனிச்சறுக்கு மலை வேறு இல்லை. மேலே போய் நின்றபோது காற்று அடங்கியிருந்தது. கீழே ஆறும் ஊரும் மேகத்துக்குள் மறைந்துவிட்டன; சூரியன் மேகத்துக்கு மேலே, என் பக்கம் இருந்தது. எதிரே ஒரு தடம்கூட விழாத சரிவு. இறங்கினேன்.

அதை எப்படிச் சொல்வது? முதலில் முழங்கால் வரை உள்ளே போய்விடுகிறது. பயந்து பின்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவோம்; வேகத்தைக் குறைத்தாலும் புதைந்துவிடுவோம். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பாரத்தைச் சமமாகப் போட்டு, சரிவை நம்பிக் கொஞ்சம் வேகம் கொடுத்தால், திடீரென்று பனி நம்மைத் தூக்கிவிடுகிறது. காலுக்கடியில் தரை இருக்கிற உணர்வே போய்விடும். கட்டாந்தரைப் பனியில் பலகை கரகரவென்று சத்தம் போடும். பவுடரில் ஒரு சத்தமும் கிடையாது. திரும்பும்போதெல்லாம் பனி மார்பு வரை எழும்பி முகத்தில் வந்து விழுகிறது, மூச்சை அடக்கி அடக்கி விட வேண்டியிருக்கிறது. கிணற்றில் முதல் முதலாக மிதக்கக் கற்றுக்கொண்ட நாளில், அப்பா என் இடுப்புக்கடியிலிருந்து கையை எடுத்துவிட்டது தெரியாமல் நான் மிதந்துகொண்டிருந்தேன் அல்லவா? அதே மிதப்புதான்.

மூன்றாவது இறக்கத்தில்தான் விழுந்தேன். தனியாகப் போகிறவன் மரங்களுக்கு நடுவே நுழையவே கூடாது. தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுத்துவிடுவதால் மரத்தின் அடியைச் சுற்றி வெளியே தெரியாத பள்ளம் இருக்கும். தலைகுப்புற அதில் விழுந்தால் மூச்சு முட்டிவிடும், பக்கத்தில் ஆள் இல்லாமல் ஏறி வர முடியாது. அதனால் நான் எப்போதும் திறந்த சரிவில்தான் இறங்குகிறேன், கழுத்தில் ஊதலும் மாட்டியிருக்கிறேன். ஆனால் திறந்த சரிவிலும் பனிக்கடியில் ஒரு மேடு இருந்தது. தூக்கி அடித்ததில் ஒரு பலகை கழன்று போய்விட்டது, நான் மார்பு வரை புதைந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. விழும்போது "அம்மா!" என்று கத்தினேன். புதுப்பனி சத்தத்தை விழுங்கிவிடும், அக்கா. எதிரொலி வரவில்லை. ஆனால் என் காதில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது, நான் வாயைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல் சொல்லிப் பதினோரு நாளாகிவிட்டது. அதே இடத்தில், அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

கைக்கோல்கள் இரண்டையும் குறுக்கே போட்டு, அதன்மேல் ஊன்றி எழுந்தேன். பலகையைக் காணோம். எங்கோ அடியில் போய்விட்டது. கோலைக் குத்திக் குத்தித் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மேலிருந்து வேகமாக வந்தான். இருபது வயது இருக்கும். நேராகப் போயிருக்கலாம், சரேலென்று நின்றுவிட்டான். ஒன்றும் கேட்காமல் தன் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, என் தடத்துக்கு மேலே போய் அங்கிருந்து வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டு இறங்கி வந்தான். பலகை எப்போதும் நாம் நினைப்பதைவிட மேலேதான் கிடக்குமாம். கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம். அவனுக்கு அது இரண்டு இறக்கம் போன கணக்கு, இந்த வருடத்தின் மிக நல்ல பனியில். பலகை கிடைத்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு இறங்கி வந்தபோது தாத்தா வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தார். என் பக்கத்தையும் சேர்த்து வாரியிருந்தார். இந்த ஊரில் நெல்ஸ் நெல்சன் என்று ஒருவர் இருந்தார், நார்வேயிலிருந்து பிழைக்க வந்தவர். ரயில்வேயில் வேலை செய்துகொண்டே பனிச்சறுக்குத் தாண்டுதலும் பழகி, 1925இல் இங்கேயே 73 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தார். நான் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் தாத்தா என்னை "நெல்சன்" என்றுதான் கூப்பிடுவார். இன்றும் கூப்பிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டார். "நன்றாக இருந்தது" என்றேன். அதற்கு மேல் சொல்ல அந்த மொழியில் எனக்கு வரவில்லை.

அறைக்கு வந்து, ஈரக் காலுறைகளை ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்டுவிட்டு, யாரிடம் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது அப்பா ஞாபகம் வந்தது. அவரும் விடியற்காலையில் தோட்டத்துக் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே சொல்வாரே: "பதினாலு படி தெரிகிறது", "ஒன்பது படி." இந்த தாத்தா என் ஜன்னலைத் தட்டும்போது எனக்கு ஏன் தொண்டை அடைக்கிறது என்று மூன்று வருடமாக எனக்கே தெரியவில்லை. இன்று உன் கடிதத்தை மறுபடியும் எடுத்து, சித்தப்பா கிணற்றடி நிலத்தை விற்கச் சொல்கிறார் என்ற இடத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அக்கா, கிணற்றடியை விற்க வேண்டாம். மேட்டுக்காட்டைப் பற்றி சித்தப்பா என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். கிணற்றடி மட்டும் வேண்டாம். நகைக் கடனை அடைக்கத்தான் விற்கிறோம் என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறாய். என்னை அனுப்புவதற்காக உன் வளையல்களைக் கொண்டுபோய் வைத்தது எனக்கு ஒரு நாளும் மறக்கவில்லை. அத்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும் எனக்குத் தெரியும். இந்த மாதம் வேலை நேரம் கொஞ்சம் குறைவு. பனிக்காலம் உச்சத்துக்கு வந்ததும் சரியாகிவிடும். மார்ச் பதினைந்துக்குள் வட்டி முழுவதையும் அனுப்பிவிடுகிறேன். அதுவரை பெரிய மாமாவிடம் கேட்காதே. நானே போனில் அவரிடம் பேசுகிறேன்.

பவர் பத்திரம் பற்றி: அதை வான்கூவரிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டுச் சான்று வாங்க வேண்டும். இங்கிருந்து 560 கிலோமீட்டர் இருக்கும். இத்தனை நாள் விடுப்புக் கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம். அடுத்த மாதக் கடைசியில் போகிறேன். ஆனால் பவர் சித்தப்பா பெயருக்கு வேண்டாம், உன் பெயருக்கு எழுதுகிறேன். அவரிடம் இதை நீ சொல்ல வேண்டியதில்லை, உனக்குச் சங்கடம். நான் தனியாக ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதே. பனி முடிந்து நான் வரட்டும் என்று சொல்கிறாளாம். நான் வரும்போது அவள் என்னை நன்றாகப் பார்க்க வேண்டாமா என்று கேள். பாப்பாவுக்குத் தேர்வு எப்போது? அவள் வரைந்து அனுப்பிய மாட்டின் படத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

தை மழை பெய்ததா? தோட்டத்துக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, எத்தனை படி தெரிகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: பட்டா நகல் அனுப்பும்போது சர்வே எண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார். போன முறை அனுப்பியதில் கடைசி இலக்கம் மடிப்பில் மறைந்துவிட்டது.