இஞ்ச்டூத்தில்: பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனின் ரோமானியச் சின்னங்கள் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த பயணக் கட்டுரை, ஸ்காட்லாந்தின் இஞ்ச்டூத்தில் படைத்தளத்தைப் 'பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடம்' என்று ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது. மகளுடன் அங்கு சென்றபோது நானும் மேய்ச்சல் நிலத்தையும் புல் மூடிய தாழ்வான மண்கரையையும்தான் கண்டேன். ஆனால் அந்த வெறுமைதான் அதன் பெருமை.

டே ஆற்றங்கரை மேட்டில் ஏறத்தாழ 53 ஏக்கரில், லீஜியன் எனப்படும் சுமார் 5,000 வீரர் கொண்ட படைப்பிரிவுக்காகக் கி.பி. 83 வாக்கில் தொடங்கப்பட்ட இத்தளம், ஐரோப்பாவின் டான்யூப் ஆற்று எல்லைப் போருக்குப் படைகள் தேவைப்பட்டதால், தளபதியின் இல்லத்தைக் கட்டத் தொடங்கும் முன்பே, 86 அல்லது 87இல் கைவிடப்பட்டது. கட்டியவர்களே அதைப் பிரித்தும் போட்டார்கள். யார்க், செஸ்டர் ஆகிய தளங்களின் மேல் பிற்காலத்தில் நகரங்கள் எழுந்துவிட்டன. இங்கே எதுவும் எழவில்லை. எனவேதான் 1952 முதல் 1965 வரை அகழாய்வு நடத்திய ரிச்மண்டும் செயின்ட் ஜோசப்பும் 64 வீரர் குடியிருப்புகள், மருத்துவமனை, தானியக் களஞ்சியங்கள், பட்டறை என ஒரு லீஜியன் தளத்தின் வரைபடத்தை முழுமையாக வரைய முடிந்தது.

உருக்காலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அந்தப் பட்டறைத் தரையின் கீழ்க் கிடைத்த குழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அப்பகுதியில் ரோமானியரை எதிர்த்த பழங்குடியினரான கலிடோனியர் கையில் கிடைத்தால் ஆயுதமாகிவிடும் என்று கருதி, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளையும் ஒன்பது சக்கரப் பட்டைகளையும் அங்கே புதைத்து, மேலே மண்ணைக் கெட்டித்து மூடிவிட்டுச் சென்றிருக்கிறார்கள். ஓரத்து ஆணிகள் துருவேறி ஒன்றோடொன்று இறுகி ஓடுபோல் ஆனதால், காற்றும் நீரும் உள்ளே செல்லாமல் நடுவில் இருந்தவை கூர் மழுங்காமல் வெளிவந்தன. அணுக்கழிவைப் புதைக்கும் இரும்புக் கலன்கள் எத்தனை காலம் தாங்கும் என்று கணிக்க முயல்வோருக்கு இந்த ஆணிகள் சான்றாகியுள்ளன.

எந்த நகரமும் ஏறி மிதிக்காத அந்த வயல்வெளியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, தளத்தின் வரைபடத்துடன், வரும் இதழ்களில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சேலம்.