தமிழா, மறைக்கல்வியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மொரிஷியஸில் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் நம் பிள்ளைகள் திருநீறு பூசவே வெட்கப்படுவார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்படி ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். சைவக் குடும்பத்தில் பிறந்தவள்.

சின்னப் பள்ளி அது. காலையில் முற்றத்தில் வரிசையாக நின்று பிரெஞ்சில் ஒரு செபம், ஒரு பாட்டு. சிலுவைக் குறி போடுகிற பிள்ளை போடும். மற்றது கை கட்டி நிற்கும். யாரும் அதட்டியதில்லை. செப்டம்பரில் கத்தோலிக்கக் குருவான லவால் சாமியாரின் நினைவுநாளுக்குப் பூ கொண்டுவரச் சொன்னால் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான் கை நிறையக் கொண்டுவரும். 1864இல் மறைந்த அந்தக் குருவின் கல்லறையைத் தேடி, செப்டம்பர் 8ஆம் தேதி இரவு தலைநகர் போர்ட் லூயியின் சாந்த் க்ருவாவுக்கு நம் வீட்டுப் பெண்களும்தானே போகிறார்கள்! காவடிக்கு நோன்பிருக்கும் தோழியின் பக்கத்தில் இறைச்சி வைத்த ரொட்டியைப் பிரிக்காமல் தள்ளிப்போய் உட்காரும் கத்தோலிக்கச் சிறுமிகளைப் பார்த்திருக்கிறேன். திருநீற்றுக்கு வெட்கப்படுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அரசுப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

என் குறை கால அட்டவணை பற்றியது. தமிழ், இந்தி, உருது என்று பிள்ளைகள் பிரிந்து போகிற அதே நேரத்தில்தான் அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்களுடைய சமயப் பாடம். 2012இல் தொடக்கப் பள்ளிகளுக்கு நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பாடமாக வந்ததும் அதுவும் அந்த நேரத்துக்கே போட்டிக்கு வந்தது. இந்து வீட்டுப் பிள்ளைக்கு இதில் சங்கடமில்லை. தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளை என்ன செய்யும்? புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்க மறைக்கல்விக்குப் போக வேண்டும். பாட்டியின் தமிழ்ச் செபப் புத்தகத்தை வாசிக்க என் வகுப்புக்கு வர வேண்டும். "மிஸ், ரெண்டுக்கும் அனுப்ப வழியில்லையா?" என்று ஒரு தாய் கேட்டார். தலைமையாசிரியரிடம் பேசினேன். வேறு நேரமில்லை என்றார். பிள்ளை மறைக்கல்விக்குப் போனது. தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவர்கள் நேற்று வந்தவர்களும் அல்லர். 1735இல் லபூர்தொனே இத்தீவின் பிரெஞ்சு ஆளுநராக வந்தபின் போர்ட் லூயியைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இன்று குடிக்கணக்கில் 'தமிழ்' என்பதை மதத்துக்கான கட்டத்தில் எழுதுகிறோம். அங்கே கத்தோலிக்கர் என்று எழுதியவர் நம் எண்ணிக்கையிலிருந்தே விழுந்துவிடுகிறார். மதம் மாறிவிடுவார்கள் என்று பயப்படுகிற வாசகர் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மறைக்கல்வியை சனிக்கிழமை பங்குக் கோயிலில் வைக்கலாம். முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது தமிழை வேறு நேரத்துக்கு மாற்றலாம். இதை மறைமாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் அமைச்சகத்திடமும் கேட்க வேண்டியது கிறிஸ்தவப் பெற்றோர் மட்டுமல்ல, நம் கோயில் சங்கங்களும்தான். 1998இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது எதிர்த்து நின்று அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். ஜனவரிக்கான அட்டவணை போடுவதற்குள் ஒரு மனு எழுதுவது அவ்வளவு பெரிய வேலையா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்