வாரம் இரண்டு நாள் கேட்கிறேன்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். வாரம் இரண்டு நாள் வந்து புதியவர்களுக்குக் கணக்குப் பிரிவு வேலையைக் கற்றுத்தர அனுமதி கேட்டிருந்தேன். ஊதியம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். 'இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பீர்கள். அந்த நிம்மதி என்னை என்ன செய்கிறது என்பதையும் கேளுங்கள்.

எந்த வவுச்சர் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே சொன்னவன் நான். ஓய்வு பெற்று 14 மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் மருத்துவமனை வராந்தாவில், 11 ஆண்டுகள் என் அடுத்த மேசையில் இருந்தவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் வரவில்லை. அவருடைய கையெழுத்தின் சாய்வும், தப்பாகப் போட்ட கூட்டலுக்காக நாங்கள் இருவரும் இரவு வரை உட்கார்ந்திருந்ததும் கண்முன் நிற்கின்றன. பெயர் மட்டும் இல்லை. மனைவியிடம், "இவர்... நம் அலுவலகத்தில்..." என்று இழுத்தேன். அவர் முகம் வாடிவிட்டது. தம் பெயரைத் தாமே சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

வயதானால் மறதி இயல்புதானே என்பீர்கள். பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ஒயிட்ஹால் 2' ஆய்வின் ஒரு முடிவு 2018இல் வெளியானது. 3,433 பேரை, ஓய்வுக்கு முன்னும் பின்னும் 14 ஆண்டுகள் வரை சோதித்தார்கள். வயதின் பங்கைக் கழித்த பிறகும், ஓய்வுக்குப் பின் சொற்களை நினைவில் வைக்கும் திறன், ஓய்வுக்கு முன்பைவிட 38 சதவீதம் வேகமாகக் குறைந்திருந்தது. தர்க்க அறிவில் அப்படித் தெளிவான பாதிப்பு இல்லை. உயர் பதவியில் இருந்தவர்களுக்கு இந்த நினைவுச் சரிவிலிருந்து வேலைக்காலத்தில் கிடைத்த பாதுகாப்பும் ஓய்வோடு போய்விட்டது. நிர்வாகத்தினரே, இது உங்களுக்கும் உரிய செய்தி.

எல்லோரும் சாகும்வரை உழைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உடலை முறிக்கும் வேலையிலிருந்து விடுபடுபவருக்கு ஓய்வு வரம். பிரிவுபசாரத்தில் அனுபவத்தைப் புகழ்ந்துவிட்டு அன்று மாலையே நுழைவு அட்டையை வாங்கிக்கொள்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியிலும் அதே கதைதான். வங்கியில் என் படிவத்தை என் மகனிடம் நீட்டி விளக்குகிறார்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்! வேலை போனால் அறிவும் போய்விட்டது என்று யார் முடிவு செய்தார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது வாரம் இரண்டு நாள். எனக்கு மட்டுமல்ல, இனி ஓய்வு பெறுபவர்களில் விரும்புகிறவர்களுக்கும் கடைசி ஆண்டிலிருந்தே வேலையைப் படிப்படியாகக் குறைத்து, பிறகும் கற்றுத்தர இடம் கொடுங்கள். கணக்குப் பிரிவில் அடுத்த மாதம் புதியவர்கள் சேர்வதாக அறிந்தேன். அதற்கு முன் என் கோரிக்கையைத் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர்