வேரையும் விதியில் எழுதுங்கள்: ஊர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வீட்டு மனைகளில் நிற்கும் பாதுகாக்கப்பட்ட மரங்களுக்கான விதிகளைத் திருத்தப் போகிறீர்கள். 'அனுமதியில்லாமல் மரத்தை வெட்டக் கூடாது' என்பதுதான் அதில் முதல் வரி. தேவையான வரிதான். ஆனால் அந்த வரியை யாரும் மீறாமலேயே என் பக்கத்து வீட்டு மரம் பட்டுப்போனது.

அந்த வீட்டுக்காரருக்கு மரத்தின் மேல் உயிர். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தடிவரை மண் கொட்டி மேடாக்கி, சிமெண்ட் தளம் போட்டார், அவ்வளவுதான். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் இலைகள் சிறுத்தன. அப்புறம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. நான்காம் வருடம் ஒரு துளிர்கூட வரவில்லை. தளம் போட்டதுதான் காரணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விதித்தாளிலும் வேரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வேரெல்லாம் ஆழத்தில் இருக்கிறது, மேலே எது செய்தாலும் அதைத் தொடாது என்றுதான் பலரும் நம்புகிறோம். ஆனால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலே 60 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கின்றன. கிளை நிழலைத் தாண்டியும் அவை ஓடும். அவற்றுக்கும் காற்று வேண்டும். மண் இறுகினாலும் மேலே மண் ஏறினாலும் அவை மூச்சுத் திணறிச் சாகும். குழாய் பதிக்கத் தோண்டும் ஒரு பள்ளம், ஒரு பக்கத்து வேர்களை ஒரே நாளில் அறுத்துவிடும்.

ஆகவே வேர் எல்லையை அளவோடு எழுதுங்கள். பிரிட்டனில் கட்டுமானத்துக்கான பிஎஸ் 5837 தர விதி இதை எளிதாகச் சொல்கிறது: தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அதை 12 மடங்காக்கினால் காக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 50 செ.மீ. தண்டுக்கு 6 மீட்டர். அளவு நாடா இருந்தால் யாரும் கணக்கிடலாம். அந்த வட்டத்துக்குள் தோண்டவும், மண் கொட்டவும், தளம் போடவும், செங்கல் அடுக்கவும் முன் அனுமதி வேண்டும் என்று வையுங்கள்.

கிளை வெட்டுவதிலும் தெளிவு வேண்டும். உச்சியை மொட்டையடித்தால் மரம் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கே வலுவில்லாத கிளைகள் கொத்தாக வெடித்து, பிற்பாடு காற்றில் முறியும். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியை மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்துப் புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதன் வெளிப்பக்கம் வெட்டினால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும்.

சரி, வீட்டுக்காரர் பக்கமும் பாருங்கள். காய்ந்த கிளை கூரைமேல் தொங்கும்போது அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. இங்கிலாந்தின் மரப் பாதுகாப்பு ஆணைகளில் காய்ந்த கிளையை அகற்ற அனுமதி தேவையில்லை. நீங்களும் அப்படியே விலக்குத் தரலாம். இழுத்தடிக்கும் மன்றத்துக்குப் பயந்து, மரம் பட்டியலில் ஏறும் முன்பே வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

புதிய விதித்தாளை ஒப்பமிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்வதோடு நிறுத்தாமல், பட்டியலில் உள்ள ஒவ்வொரு மரத்தின் வீட்டுக்கும் ஒருமுறை ஆள் அனுப்புங்கள். அவர் கையில் ஒரு நாடாவும் சுண்ணாம்பும் இருக்கட்டும். வீட்டுக்காரர் முன்னாலேயே அந்த வட்டத்தைத் தரையில் வரைந்து காட்டட்டும்.

அன்புடன்,
பட்டுப்போன மரத்தின் பக்கத்து வீட்டிலிருந்து