அறிவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேசிய அறிவியல் நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு வினாடி வினா நடைபெற்றது. வான்நோக்கு நிகழ்ச்சி மழையால் கைவிடப்பட்டது.

பாக்டீரியாக்கள் தம் மரபணுக்களை எப்போது இயக்குகின்றன என்பது பற்றி நான் பொறுப்பேற்று நடத்திய உரைத்தொடர், பொதுமக்களுக்குக் கடினமானது என்று செயற்குழுவிலேயே சிலர் கருதியதால், அதைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. முதல் உரை, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஜாக்கோபும் மோனோவும் 1961இல் விளக்கிய, பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிப்பதற்கான மரபணுத் தொகுப்பைப் பற்றியது. லாக்டோஸ் கிடைக்காதவரை ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வில் அமர்ந்து, லாக்டோஸைச் செரிக்கும் நொதிகள் வீணே உருவாகாமல் தடுக்கிறது.

இரண்டாம் உரை, ஹவாய்க் கடலின் சிறு கணவாய் ஒன்றின் ஒளியுறுப்பில் வாழும் விப்ரியோ ஃபிஷரி என்னும் பாக்டீரியா பற்றியது. ஒவ்வொரு பாக்டீரியமும் சிறிய சமிக்ஞை மூலக்கூறு ஒன்றை வெளியிடுகிறது. திறந்த கடலில் அது கரைந்து போகும். ஒளியுறுப்புக்குள் கூட்டம் நெருங்கியதும் அது செறிந்து, லக்ஸ்-ஆர் என்னும் புரதத்துடன் இணைந்து ஒளிக்கான மரபணுக்களை இயக்குகிறது. அம்மூலக்கூறை உருவாக்கும் மரபணுவும் அவற்றுள் ஒன்றாதலால் சமிக்ஞை மேலும் பெருகுகிறது. கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) சேராமல் விளக்கேற்றுவதில்லை என்பதால் ஆய்வாளர்கள் இதற்குக் கோரத்தின் பெயரையே வைத்துள்ளனர். இதை நான் விளக்கியபோது எதிரே 11 பேர் இருந்தனர்; நம் பொதுக்குழுவுக்குக் கோரம் 21 பேர் என்பதும், ஜூலைக் கூட்டம் அதனாலேயே ஒத்திவைக்கப்பட்டது என்பதும் உறுப்பினர்கள் அறிந்ததே.

மூன்றாம் உரையில், சூடோமோனாஸ் எருகினோசா என்னும் பாக்டீரியாவின் கூட்டத்தில் இத்தகைய சமிக்ஞைக்குச் செவிசாய்க்காத, மரபணு பிறழ்ந்த பாக்டீரியாக்கள், புரதத்தைச் செரிக்கும் நொதியைத் தாம் சுரக்காமல், பிறர் சுரந்ததன் பயனை உண்டு பெருகுவதைக் கூறினேன். இது சந்தா பாக்கி வைத்திருப்போரைக் குறித்ததென்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் வருந்தியுள்ளார். தலைப்பு முடிவானபோது சந்தாப் பட்டியல் என் கைக்கு வந்திருக்கவேயில்லை. (வந்தபின் பார்த்ததில், 64 பேரில் 27 பேர் செலுத்தியிருந்தனர்.)

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். செலவு வரவைச் சற்றே மிஞ்சியது. அத்தொகையை இப்போதைக்கு ஒருவர் ஈடுசெய்துள்ளார். அரங்கை வாடகைச் சலுகையில் தந்தோருக்கும் தேநீர் வழங்கியோருக்கும் நன்றி.

நான்காம் உரை வாடகைப் பணமின்றி நின்றுபோனது. புதிய செயலாளர் விரும்பினால் குறிப்புகளைத் தருகிறேன். எவரும் முன்வராவிடில், அடுத்த ஆண்டுச் சந்தா மார்ச்சுக்குள் வரும் என்ற நம்பிக்கையில் நானே நடத்தவும் அணியமாக உள்ளேன்.

செயலாளர்