பொது சேனலில் வாக்கி டாக்கிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பேசுவதைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
வாக்கி டாக்கி பழுதுநீக்குவோர் மற்றும் இயக்குவோர்,
தேன்கனிக்கோட்டை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: யானை நடமாட்டத் தகவல் சொல்லும் பொது சேனலில் செட்களின் அமைப்பை ஒரே சீராக மாற்ற உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் வருவது தாங்கள் அறிந்ததே. அந்த இரவுகளில் பல குழுக்கள் ஒரே சேனலில் பேசுகின்றன. இருவர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் பலமான சிக்னல்தான் கேட்கும். இரண்டும் சமமாக வந்தால் வெறும் கீச்சொலி. கூட்டம் ரோட்டைத் தாண்டிவிட்டது என்று சொன்னவர், செய்தி போய்ச் சேர்ந்ததாகவே நினைத்துக்கொள்வார்.

குழுவுக்கு ஒரு டோன் (பேச்சோடு சேர்ந்து போகும், காதுக்குக் கேட்காத அடையாள ஒலி) வைத்தால் சேனல் தனியாகிவிடும் என்ற நினைப்பு இதற்குப் பாதிக் காரணம். 67.0 ஹெர்ட்ஸ் வைத்தாலும் 250.3 வைத்தாலும், மற்ற குழுவின் பேச்சை நம் ஸ்பீக்கருக்கு விடாமல் தடுப்பது மட்டுமே டோனின் வேலை. அலைவரிசை ஒன்றுதான். ஸ்பீக்கர் அமைதியாக இருப்பதால் சேனல் காலி என்று நம்பிப் பேசிவிடுகிறார்கள்.

எனவே செட்டிலிருந்து செட்டுக்கு நேரே பேசும் சேனல்களில், வேறொருவர் பேசும்போது நம் செட்டைப் பூட்டும் 'பிஸி சேனல் லாக்அவுட்' அமைப்பை, டோனைப் பார்க்காமல் சிக்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கேரியர் முறையில் போட வேண்டும். எந்த டோனில் யார் பேசினாலும் நம் செட் ஒலிபரப்பாது. பீப் மட்டும் தரும். சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசும் சேனலில் இதையே போட்டால் வம்பு: ஒருவர் பேசி முடித்த பின்னும் ரிப்பீட்டர் சில விநாடி காற்றில் இருப்பதால் பதில் சொல்பவரின் செட் பூட்டிக்கொள்ளும். அங்கே சொந்த டோன் இருந்தால் பேச விடும் முறையைத் தேர்ந்து, ரிப்பீட்டர் இப்படிக் காற்றில் நீடிக்கும் வால் நேரத்தை 1 விநாடிக்குள் குறைக்க வேண்டும். இந்தத் தேர்வுகளின் பெயரும் பொருளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒவ்வொரு மாடலிலும் இரண்டு செட்டை வைத்து அழுத்திப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றிவிடக் கூடாது.

பலவீனமான சிக்னலையும் இரைச்சலையும் தடுக்கும் அளவான ஸ்கெல்ச் 1-இல் இருந்தால் லாக்அவுட் வீண். சோலார் மின்வேலியின் கம்பியில் செடி உரசும் இடத்தில் ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை பொறி தட்டும். அந்தச் சத்தத்தையே செட் 'பிஸி' என்று எடுத்துக்கொள்ளும். ஒன்பது படியில் 3 அல்லது 4 போதும். அதற்கு மேல் ஏற்றினால் தூரத்துக் குரல் விடுபடும்.

குன்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் சிக்னல் எட்டாத செட்டுக்கு லாக்அவுட்டாலும் பயன் இல்லை. அதனால் பேசும் நேர வரம்பையும் 30 விநாடியாக வைக்க வேண்டும். பல செட்களில் இது 60-க்கும் மேல் இருக்கிறது, சிலவற்றில் வரம்பே இல்லை. ஜீப் சீட்டுக்கடியில் பட்டன் அமுங்கிக் கிடக்கும் ஒரு செட் போதும், அந்த வட்டாரத்தில் யாரும் பேச முடியாது. பட்டனை அழுத்தாமலே சத்தம் கேட்டதும் ஒலிபரப்பும் வாக்ஸ் வசதியை எல்லாச் செட்டிலும் அணைத்துவிட வேண்டும். இன்ஜின் சத்தத்துக்கே அது ஒலிபரப்பத் தொடங்கும்.

அவசர பட்டன் மட்டும் லாக்அவுட்டை மீற வேண்டும். ஆனால் விலை குறைந்த சில செட்களில் அந்தப் பட்டனை அழுத்தினால் கையில் இருக்கும் செட்டே சைரன் போல அலறும். யானைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. சத்தமில்லாத முறையில் மாற்றித் தர வேண்டும். அந்த வசதி இல்லாத மாடல்களை இரவுப் பணிக்குக் கொடுக்க வேண்டாம்.

இவை எதிலும் உரிமத்தில் உள்ள அலைவரிசையோ பவரோ மாறாது. கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் ஒரு செட்டுக்குச் சில நிமிட வேலை. அறுவடைக்கு முன் எல்லாக் குழுக்களின் செட்களையும் ஓரிடத்தில் சேர்த்து இந்த மாற்றங்களைச் செய்து, மாற்றிய செட்களில் ஸ்டிக்கர் ஒட்டித் தர உரியவர்களுக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
இடம்: தேன்கனிக்கோட்டை